தூங்காத கீபோர்டு

எனக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது. குழந்தைகள் பாட்டுக் கச்சேரியில் பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் இதை அச்சில் ஒப்புக்கொள்வது நல்லதில்லைதான்.

ரோஸி அக்கா எங்கள் மெட்டுகுடா ஏரியாக்காரர். பிறந்தநாள் வீடு, பள்ளி விழா என்று ஹைதராபாத் முழுக்கக் குழந்தைகளுக்குப் பாடுவதே அவர் தொழில். அவருடைய கீபோர்டுக்காரர் துபாய் போனதும் நான் போய் நின்றேன். (டெமோ பட்டனை அமுக்கினால் அதுவே வாசிக்கும், விரலை ஆட்டினால் போதும் என்பது என் சங்கீத ஞானம்.)

"நெஜமா வாசிப்பியாடா?"

"ஹவ் அக்கா! கைக்கு டவுட்?" (ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு; எங்கள் ஊர் இந்தி.)

"ஞாயித்துக்கெழம வா. சரியா செஞ்சா உன்னையே வெச்சுக்கிறேன்."

அந்தத் தெம்பில் சனிக்கிழமையே மல்லாபூர் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டேன். ஞாயிறு சொதப்பினால் திங்கள் அப்பா முகத்தில் விழிக்க முடியாது.

சைனிக்புரியில் ஒரு ரிட்டயர்டு கர்னல் வீடு. பேத்திக்குப் பிறந்தநாள். முப்பது குழந்தைகள். முதல் ஐட்டம், மியூசிக்கல் சேர். டெமோவை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடி, தலையை ஆட்டி, விரல்களை ஓட்டினேன். இந்த விளையாட்டில் பாட்டு நின்றாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுபடி அமுக்கினேன். அடுத்த டெமோ ஆரம்பித்தது. பதறிப்போய் ஒரு குமிழைத் திருகினேன். பாட்டு இரட்டை வேகம் பிடித்தது, குழந்தைகளும்தான்.

"ஆபண்டி அங்கிள்!" "ரோக்கோ அங்கிள்!" "ஸ்டாப்!" என்று எல்லா மொழியிலும் கதறல். பேத்தி உதட்டைப் பிதுக்கினாள். கர்னல் பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினார். பாட்டு நிற்கவில்லை. (பவர் பட்டன் எப்போதோ பிய்ந்துபோனது. கரன்ட் போனால் மானம் போகுமே என்று புது பேட்டரி போட்டுவைத்த புத்திசாலி நான்.) கர்னல் பார்த்த பார்வையில் அட்டென்ஷனில் நின்றுவிட்டேன்.

ரோஸி அக்கா கத்தவில்லை. துப்பட்டாவைக் கீபோர்டின் மேல் போர்த்தினார். "பாவம், இந்தப் பாப்பாவுக்குத் தூக்கம் வரல, அதான் அழுவுது. தூங்க வைப்போமா?" என்று தெலுங்கிலும் இந்தியிலும் கிசுகிசுத்தார். பிறகு ஒரு தாலாட்டை முணுமுணுத்தார்.

வியர்த்து வழிந்த முப்பது குழந்தைகளும் சுற்றி உட்கார்ந்து, துப்பட்டாவைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அக்காவின் ஒரு கை உள்ளே வால்யூமை மயிரிழை மயிரிழையாகக் குறைத்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும். கர்னலும் குனிந்து இரண்டு விரலால் தட்டினார். சத்தம் தேய்ந்து, தேய்ந்து, இல்லாமலே போனது. ஃபேன் சுற்றுவது கேட்டது. "ஸோ கயா," என்று பாப்பா தூங்கிவிட்டதைப் பேத்தி மூச்சுக்காற்றில் அறிவித்தாள்.

எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். பாட்டு நின்றதற்காக உடம்பு சிலிர்த்தது அந்த ஒரு முறைதான்.

திரும்பும்போது ஆட்டோவில் மெதுவாக, "அக்கா, என் வேலை..." என்றேன்.

"இனி உனக்குக் கீபோர்டு நக்கோ, வேணவே வேணாம். தொட்டே, கைய ஒடிப்பேன்." கொஞ்ச தூரம் போனதும் சிரித்துவிட்டார். "ஆனா நல்லா முழிக்கிறடா. அடுத்த ஷோவுல துப்பட்டா உன் மேல."

அன்று முதல் தூங்காமல் அடம்பிடிக்கும் பாப்பா நான்தான். ஊரிலுள்ள அத்தனை பிள்ளைகளும் என்னைத் தட்டித் தூங்க வைத்திருக்கிறார்கள்.

வீட்டிலும் இதே கதி. போன மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில் மைக்கைப் பிடித்து வாழ்த்திக்கொண்டே போனேன். என் மகள் பின்னாலிருந்து தலையில் துப்பட்டாவைப் போட்டாள். உடனே மாமன், மச்சான், சம்பந்தி எல்லோரும் எழுந்து வந்து தட்டிக்கொடுத்தார்கள்.

அதில் பெரிய அவமானம், இரண்டு நிமிடத்தில் நான் நிஜமாகவே தூங்கிப்போனதுதான்.