மடக்குச் சைக்கிள் கைவசம் உள்ளது

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள். சிலர் சக்கரம் என்பார்கள். இவர்கள் ஒருவரும் தொண்ணூற்றேழாம் ஆண்டில் திருகோணமலையில் வசித்தவர்கள் அல்லர். வசித்திருந்தால் ஒரு கணமும் தயங்காமல் மடக்குச் சைக்கிள் என்றிருப்பார்கள். நெருப்பு எங்கள் பக்கத்தில் வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. சக்கரத்தை இராணுவச் சோதனைச் சாவடிகளில், சென்றிக்குச் சென்றி, இறங்கி உருட்ட வேண்டியிருந்தது. மடக்குச் சைக்கிள் ஒன்றே ஒரு பிள்ளையைத் தாயிடம் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பிள்ளை நானாக இருப்பதால் மிகைப்படுத்தாமல் எழுதுகிறேன்.

என் பெயர் சோமசேகரம். வீடு உப்புவெளி. டவுனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் படம் வரையப் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் வரும் என்று நம்பிச் சைக்கிளை வீட்டில் விட்டால் பஸ் வராது. வராது என்று நம்பிச் சைக்கிளில் புறப்பட்டால் பாதி வழியில் பஸ் என் மேல் புழுதியை அடித்துவிட்டுப் போகும். இந்தத் தேசியப் பிரச்சினைக்கு ‘நிரந்தரத் தீர்வு’ காண எவரும் முன்வரவில்லை. கடைசியில் தீர்வு ஸைனுலாப்தீன் காக்காவின் கடையில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது.

ஸைனுலாப்தீனை அண்ணன் முறையில் காக்கா என்போம்; சைக்கிள் சாமான் விற்பவர். துறைமுகத்தில் எந்தக் கப்பலில் எது இறங்கினாலும் அதில் ஒன்று அவருடைய கடையில் ஏறிவிடும்.

“இதென்ன காக்கா, தையல் மெசினோ?”

“வாயக் கழுவு தம்பி. சைக்கிள். சப்பான் சாமான். பஸ் வந்தா மடக்கு, ஏறு. பஸ் வரல்லயா, விரி, ஓடு.”

“உடைஞ்சா?”

“கொண்டா. நான் இங்கதான் இருப்பன். நான் இல்லாட்டி நாடு சரியில்ல எண்டு விளங்கிக்க.”

இதைவிடச் சிறந்த உத்தரவாதத்தை அந்த ஆண்டில் வேறெவரும் தரவில்லை. என் அம்மா புஷ்பவதி தன் சீட்டுக் காசை எடுத்துத் தந்தார். சைக்கிள் பச்சை நிறம். பெட்டிக்குள் ஒரு கையேடும் இருந்தது. முழுவதும் ஜப்பானிய எழுத்து. ஆனால் படங்கள் இருந்தன. முகமில்லாத ஒருவர் அம்புக்குறிகளின் வழிகாட்டலில் ஆறு கட்டங்களில் சைக்கிளை மடக்கினார். நான் அவரைக் குருவாக ஏற்று, மூன்று நாட்களில் பதினொரு வினாடிக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த நாட்களின் இன்பத்தை எப்படிச் சொல்வது? பஸ் வந்தது, மடக்கி ஏறினேன். சாம்பல்தீவுப் பாலம் தாண்டி உறவினர் வீட்டுக்குப் போகும் ஒரு நாளில் பஸ் இடைநடுவே நின்றுபோனது. ஐம்பது பேர் இறங்கி வெயிலில் நின்றார்கள். நான் மட்டும் விரித்து, ஏறி, மணியை ஒரு தரம் தட்டிவிட்டுப் புறப்பட்டேன். சக்கரச் சில்லு சிறியது, நான் நெட்டையான நெடுவல். முழங்கால் இரண்டும் காதுக்கருகே வந்து வந்து போயின. கடற்காற்று ஒரு பக்கம். ஐம்பது பேரின் வயிற்றெரிச்சல் மறுபக்கம். வாழ்க்கை இவ்வளவு இலேசாக இருக்கலாம் என்று எனக்கு யாரும் முன்னரே அறிவித்திருக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில், ஊருக்காக இராணுவத்திடம் பேசப் போகும் பிரஜைகள் குழுவின் செயலாளர் இராசதுரை அண்ணர் மட்டும் கவலைப்பட்டார். அவருடைய தொழிலே அது. அவசரக் கூட்டம் கூட்டினார். மூவர் வந்தார்கள், அதில் ஒருவர் நான்.

“தம்பி சோமு, இது வாகனமோ, பொதியோ?”

“இரண்டும்தான் அண்ணை.”

“இரண்டும் எண்டு ஒரு சாமான் இந்த நாட்டில இருக்க ஏலாது. ஏதாவது ஒண்டாய் இருக்க வேணும்.”

ஒன்றரை மணித்தியால விவாதத்தின் பின் பின்வரும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: ‘மேற்படி சைக்கிள் விரிந்த நிலையில் வாகனம், மடங்கிய நிலையில் பொதி, இடைப்பட்ட நிலையில் உரியவரின் சொந்தப் பொறுப்பு.’

நான்காம் திகதி வியாழக்கிழமை, நான் இடைப்பட்ட நிலையில் அகப்பட்டேன்.

அன்று பஸ் வந்திருந்தது. டவுனுக்குள் நுழையுமுன் ஒரு சென்றியில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். பொதியுள்ளவர்கள் இடப்பக்க வரிசை. சைக்கிள்காரர் வலப்பக்க வரிசை. நான் மடக்கிய சைக்கிளோடு இடப்பக்கத்தில் நின்றேன்.

“பார்சல் தொற” என்றார் சிப்பாய்.

திறந்தேன். பதினொரு வினாடியில் அவர் மூன்றடி பின்னால் போயிருந்தார். “இது பைசிக்கல்! அந்தப் பக்கம் போ!”

வலப்பக்கம் போனேன். அங்கிருந்த சிப்பாய் கேட்டார்: “எங்க இருந்து ஓடி வந்தது?”

“ஓடி வரேல்லை ஐயா. பஸ்ஸில வந்தனான்.”

“அப்ப பைசிக்கல் எப்பிடி வந்தது?”

“பொதிக்குள்ள இருந்து வந்தது.”

கல்லூரியில் எங்களுக்கு எதையும் துல்லியமாகச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். துல்லியம் எந்த இடத்தில் கூடாது என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

தமிழ் தெரிந்த ஒரு மேலதிகாரியை அழைத்து வந்தார்கள். அவர் சைக்கிளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மடக்கச் சொன்னார். விரிக்கச் சொன்னார். மறுபடியும் மடக்கச் சொன்னார். பிறகு ஒரு சிந்தனையாளருக்கே உரிய நிதானத்தோடு கேட்டார்:

“சைக்கிள் ஏன் ஒளிக்குது?”

“ஒளிக்கேல்லை ஐயா, மடியுது.”

“ஏன் மடியுது?”

“பஸ்ஸில ஏற.”

“சில்லு இருக்கிற சாமான் ஏன் பஸ்ஸில ஏற வேணும்?”

நியாயமான கேள்வி. எனக்கும் அதுவரை தோன்றவில்லை. பதில் தேடி நான் நெஞ்சில் கை வைத்தபோது சட்டைப் பையில் இருந்த கையேடு வெளியே வந்தது. புரியாத மொழி. அம்புக்குறிகள். இலக்கமிட்ட ஆறு கட்டங்கள்.

“இந்த ஆள் ஆர்?”

“தெரியாது ஐயா.”

“முகம் ஏன் இல்லை?”

“கீறினவர் கீறேல்லை.”

“நீ என்ன படிக்கிறாய்?”

“படம் கீற” என்றேன், துல்லியமாக.

பஸ் போய்விட்டது. எங்கள் இருவரையும் ஒரு ட்ரக்கில் ஏற்றினார்கள். சைக்கிள் தடயப் பொருள் ஆகையால் அதற்கு உட்காரும் வாங்கில் இடம் கிடைத்தது. நான் கீழே இருந்தேன்.

முகாமின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். கண்ணாடி போட்டவர், நல்ல தமிழ் பேசுபவர். நான் அந்த ஆண்டில் சந்தித்த ஒரே ஒழுங்கான மனிதர். தடித்த புத்தகத்தில் மூன்று பிரதி வரத்தக்கதாகக் காபன் தாள் வைத்து எழுதினார்: ‘மடக்குச் சைக்கிள், பச்சை, ஒன்று. மணி, ஒன்று. காற்றுப் பம்பு, ஒன்று. படப் புத்தகம், ஒன்று. உரியவர்: சோமசேகரம், உப்புவெளி.’ பிறகு ஓர் இலக்கத் துண்டை ஹாண்டிலில் கட்டினார். எனக்கும் ஒன்று கட்டுவாரோ என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

“ஆட்கள் என்ர பகுதி இல்லை” என்றார், மரியாதையாக.

என்னை ஒரு தகரக் கொட்டிலில் விட்டார்கள். உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். சின்னராசா அண்ணை. குச்சவெளியில் மீன்பிடிக்கிறவர்.

“தம்பியை என்னத்துக்குப் பிடிச்சவங்கள்?”

“சைக்கிளுக்கு.”

“களவோ?”

“இல்லை அண்ணை. மடிஞ்சிட்டுது.”

அவர் எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். “என்னை நடந்ததுக்கு” என்றார்.

மீன் விற்கக் கரையோர வீதியால் நடந்து வந்தவரை மறித்து ஏற்றி ஒரு மாதமாகிறது. அவரிடம் கேட்பதற்கு அவர்களிடம் கேள்விகளும் தீர்ந்துவிட்டன. என்னிடம் தினமும் சைக்கிளைப் பற்றிக் கேட்டார்கள். இடையிடையே ‘தேகப்பயிற்சி’யும் தந்தார்கள். கொட்டிலுக்குத் திரும்பும்போது சின்னராசா அண்ணை தான் உடுத்திருந்த சாரத்தின் ஒரு முனையை நனைத்து என் முதுகில் ஒற்றுவார். “உன்ர சைக்கிளுக்கு இண்டைக்கு எத்தனை அடி?” என்று கேட்பார். சிரிக்கக்கூடிய இடத்தில் நோவு இல்லாவிட்டால் சிரிப்பேன்.

வெளியே, அம்மா ஒவ்வொரு நாளும் முகாம் வாசலுக்கு வந்திருக்கிறார். பக்கத்தில் இராசதுரை அண்ணர், பிரஜைகள் குழுவின் சார்பில், ஒரு குடையோடு. ஒவ்வொரு நாளும் ஒரே பதில்தான்: “அப்பிடி ஒரு ஆள் இங்க கொண்டுவரேல்லை.” பன்னிரண்டு நாட்களாக நான் எங்குமே இல்லை. எங்கும் இல்லாத ஒருவனுக்கு என்னென்ன நடக்கலாம் என்பது எங்கள் ஊரில் எல்லாத் தாய்மாருக்கும் தெரியும்.

இதற்கிடையில் களஞ்சியத்தில் சைக்கிள் தன் கடமையைச் செய்தது. ஓய்வு நேரத்தில் அதை மடக்கிப் பார்த்த ஒரு கோப்பிரல் விரலை நசித்துக்கொண்டார். மற்றொருவர் மடக்கினார், விரிக்கத் தெரியவில்லை. கையேடு விசாரணைக்காகக் கொழும்புக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை கணக்காய்வு வேறு. பொறுப்பாளர் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தார். உப்புவெளிக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது:

‘உங்கள் இல்லத்தைச் சேர்ந்த சோமசேகரம் என்பவரிடமிருந்து இம்மாதம் நான்காம் திகதி இம்முகாமினால் பொறுப்பேற்கப்பட்ட மடக்குச் சைக்கிள் எமது கைவசம் உள்ளது. பதினான்கு நாட்களுக்குள் மீளப் பெறாவிடின் ஏலத்தில் விடப்படும்.’

அம்மா கடிதத்தோடு வாசலுக்குப் போனார். நடந்ததை எனக்குப் பின்னர் சொன்னவர் இராசதுரை அண்ணர். சொல்லும்போதே அவருக்கு வியர்த்தது.

“பிள்ளை வரேல்லை எண்டு பன்னிரண்டு நாளாய்ச் சொல்லுறியள். சைக்கிள் தனிய வந்து தன்ர பேர் விலாசத்தைச் சொல்லிச்சுதோ?”

இராசதுரை அண்ணர் அம்மாவின் காதுக்குள் கெஞ்சினார்: “அக்கா, சைக்கிளை மட்டும் கேளுங்கோ. பிள்ளையையும் கேட்டால் சைக்கிளும் போயிடும்.”

“உரியவர் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேணும் அம்மா” என்றார், கடிதத்துக்காக வாசல் மேசைக்கு அழைக்கப்பட்டிருந்த பொறுப்பாளர்.

“உரியவர் உள்ளுக்கு இருக்கிறார்.”

“உள்ளுக்கு இருக்கிறதுக்குப் பதிவு இல்லை.”

“அப்ப சைக்கிளை நீங்களே வச்சிருங்கோ. ஏலத்துக்கு நான் வருவன். ஆரிட்ட எடுத்தது எண்டு சனத்துக்கு முன்னால வாசியுங்கோ. நான் கேட்டுக்கொண்டு நிப்பன்.”

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திங்கட்கிழமை கணக்காய்வு. முடிவு எழுதப்படாத ஒரு சைக்கிளைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு அவருக்கு உறக்கம் வராது. எழுந்து உள்ளே வந்தார்.

“சோமசேகரம், உப்புவெளி!” என்று கொட்டில் வாசலில் நின்று வாசித்தார். “சைக்கிளுக்குக் கையெழுத்து.”

நான் எழும்பினேன். சின்னராசா அண்ணை என் சட்டையைப் பிடித்தார்.

“தம்பி, அந்தத் தாளில ஒரு மூலையில என்ர பேரையும் போட ஏலாதோ? சைக்கிளில பின்னுக்கு இருந்து வந்தனான் எண்டு சொல்லு.”

“அதுக்குக் கரியர் இல்லை அண்ணை” என்றேன்.

துல்லியமாக.

மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தேன். சைக்கிள் என் கைக்கு வந்தது. காவலுக்கு நின்றவர் என்னை மறுபடி உள்ளே கொண்டுபோகப் பார்த்தார். பொறுப்பாளர் தடுத்தார்: “எந்தத் தாளுக்குக் கீழ?” தாள் இல்லை. என்னை உள்ளே வைத்திருந்ததற்கே தாள் இல்லாதபோது திருப்பி வைப்பதற்கு எங்கே போவது? காவலுக்கு நின்றவர் என் கையை விட்டார். பிறகு நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு அம்மாவிடம் நடந்தேன். ஏறி ஓட, அடிபட்ட முழங்கால் விடவில்லை.

மூன்று வாரம் கழித்து, நான் வெளியே வந்ததைக் கேள்விப்பட்டு ஒரு பெண் எங்கள் வீடு தேடி வந்தாள். சின்னராசா அண்ணையின் மனைவி, கனகம்மா. முகாம் வாசலில் அவளுக்கும் அதே பதில்தான் சொல்லியிருந்தார்கள். அவரை உள்ளே கண்டதாகச் சொல்ல வரமுடியுமா என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தார். நான் சட்டையை மாட்டினேன்.

முகாம் வாசலில், சென்றியில் என்னை விசாரித்த அதே மேலதிகாரி இருந்தார்.

“இவரின்ர புருசனை உள்ளுக்குக் கண்டனான் ஐயா.”

“நீ உள்ளுக்கு இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?”

சைக்கிளோடு தந்திருந்த பதிவுத் தாளின் பிரதியை நீட்டினேன். அவர் அக்கறையோடு வாசித்தார். “இதில சைக்கிள் உள்ளுக்கு இருந்தது எண்டுதான் கிடக்கு. சைக்கிள் ஏதாவது கண்டதோ?” பிறகு கனகம்மாவின் பக்கம் திரும்பினார். “உங்கட ஆள் வரேக்க கையில ஏதும் கொண்டு வந்தவரோ? சாமான் எண்டால் புத்தகத்தில கட்டாயம் இருக்கும்.”

“ஒரு கூடை மீன் ஐயா.”

அதிகாரியின் முகம் தெளிந்தது. கடைசியில் தான் உதவக்கூடிய ஒரு கேள்வி.

“அதுதான் இல்லை. பழுதாகிற சாமானை நாங்கள் பதியிறதில்லை அம்மா. வச்சிருக்க ஏலாது. முடிச்சிடுவம்.”

எவ்வளவு நேர்த்தியான நிருவாகம்! நான் மெச்சித் தலையாட்டத் தொடங்குமுன் கனகம்மா ஓரடி முன்னால் வந்துவிட்டாள்.

“ஐயா இப்ப மீனைச் சொல்லுறியளோ,” என்றாள், “அவரைச் சொல்லுறியளோ?”