குன்னூர் ஆலங்கட்டியும் கோமளத்தின் கல்யாண அப்பளமும்

மலையூரில் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவனிடம் வானத்தைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் விடமாட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. குன்னூர்த் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் குமாஸ்தா. தங்கை கோமளத்தின் கல்யாணத்துக்கு லீவு போட்டு ஸ்ரீரங்கம் வந்திருந்தேன், கம்பளிக் கோட்டுடன். (சித்திரை வெயிலில்! கழற்றிவிட்டால் மலையிலிருந்து வந்தவன் என்று எப்படித் தெரியும்?)

மொட்டைமாடி முழுக்கக் கல்யாண அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. தெருப் பெண்களெல்லாம் கூடி இட்டது. சம்பந்தி இலையில் அப்பளம் முழுசாக விழவேண்டும். உடைசல் விழுந்தால் அபசகுனம், பழி பெண்ணின் தலையில். லால்குடி மாமி, அதாவது கோமளத்துக்கு வரப்போகிற மாமியார், இந்த விஷயத்தில் பொல்லாதவர். மூத்த மருமகள் ஒரே ஒரு உடைந்த அப்பளத்துக்காக இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த மாமியே அன்று பெருமாள் சேவிக்க வந்தவர், எங்கள் கூடத்தில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்காமல், "குன்னூர்லே கல்லு கல்லா மழை பெய்யுமாமே?" என்று கேட்டுவிட்டார்.

விடுவேனா? "அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு மாமி. மாசி கடைசியிலே ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரையிலே பலம். ஆடியிலே மழை கொட்டோ கொட்டுனு கொட்டும், ஒரு கல்லு விழாது. அதுவும் மத்தியானக் காப்பிக்கு அப்புறந்தான் விழும்."

"இங்கே?"

"இங்கேயா? இந்தச் சூட்டுக்கு வழியிலேயே கரைஞ்சுடும்!"

(அது சித்திரை மாதம். காப்பியும் ஆகிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மூளையைக் குன்னூரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.)

கோமளம் முற்றத்திலிருந்து ஓடிவந்தாள். "அண்ணா, மேற்கே முக்கொம்புப் பக்கம் வானம் கறுத்துண்டு வரது. அப்பளத்தை எடுத்துடறேன்."

மாடிப்படியில் குறுக்கே நின்றுகொண்டேன். "மேகத்தைப் பத்தி எனக்குச் சொல்லித் தரயா? ஒரு சொட்டு விழாது. போய் வேலையைப் பார்!"

முற்றத்துத் தவலையில் 'டங்' என்று ஒரு சத்தம். "எந்தப் பயலோ கல்லை விட்டெறியறான்," என்றேன் கம்பீரமாக. அப்புறம் வானமே கல்லை விட்டெறிய ஆரம்பித்தது.

மாடிக்குப் பாய்ந்தேன். கோட்டைக் கழற்றி அப்பளத்தின்மேல் விரிக்கப் போனவன், ஆலங்கட்டியில் கால் வைத்து வழுக்கி, அப்பளத்தின்மேலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். ஆலங்கட்டி தப்பவிட்டதையெல்லாம் நான் முடித்துவைத்தேன்.

கீழே அம்மா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். கோமளத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கல்யாணம் நின்றுபோய்விடுமோ என்று பயந்தேன்.

நெற்றி வீங்கி, தலையெல்லாம் அப்பளத் தூளாக இறங்கி வந்த என்னை மாமி ஏற இறங்கப் பார்த்தார். பார்த்தவர் சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பொண்ணு அப்பளத்தை எடுத்துடறேன்னுதான் சொன்னா. நான் காதாலே கேட்டேன். இவ சமத்து, எனக்குப் போறும்," என்றார் அம்மாவிடம். "எங்க இலைக்கும் உடைசலே போடுங்கோ. உங்க பிள்ளையை மட்டும் பந்திப் பக்கம் விடாதேங்கோ."

அப்படியே நடந்தது. கோமளம் அந்த வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாள். அந்தப் பெருமை என்னைச் சேர்ந்தது என்று நான் சொல்வதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

இன்றைக்கும் நான் லால்குடி வீட்டு வாசலில் காலை வைத்தால், "வாங்கோ" என்று யாரும் சொல்வதில்லை. மாமியின் குரல்தான் முதலில் கேட்கும்: "கோமளம், உங்கண்ணா வந்துட்டான்! மாடியிலே என்ன காயறதுன்னு ஓடிப்போய்ப் பாரு!"