மாமன் இட்லி

கூச்சத்தை யாரும் வியாதி என்று சொல்வதில்லை. அதற்கு மாத்திரையும் கிடையாது. எனக்கு அது பிறவியிலேயே உண்டு. பஸ்ஸில் இறங்குமிடம் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்கினால் அவர்கள் முதுகைப் பிடித்தபடி நானும் இறங்கிவிடுவேன். யாருமே இறங்காத நாளில் ராசிபுரம் வரைக்கும் போய், வேறு பஸ் பிடித்துத் திரும்பியிருக்கிறேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டதற்கும் இதுதான் காரணம். ஆறாவதுக்கு வேறு பள்ளிக்கூடம், அங்கே எழுந்து நின்று பேர் சொல்ல வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போதே காய்ச்சல் வந்துவிட்டது.

இப்படிப்பட்டவள் ஒரு கல்யாண மேடையில் ஏறி, சம்பந்தியைத் தள்ளிவிட்டு, தாரை வார்க்க வைத்திருந்த தண்ணீரைக் காலி செய்தாள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பாதவர்களுக்கு வீடியோ இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் எல்லார் போனிலும் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சுச் சளி. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் வாழ்நாள் முழுக்கத் தீவனத் தூசியைச் சுவாசித்த நெஞ்சு, சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் விசிலடிக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மூச்சு திறந்தது. கூடவே சர்க்கரையும் ஏறிவிட்டது. அதை இறக்க இன்சுலின் ஊசி. மூச்சுக்கு மாத்திரை, மாத்திரையால் சர்க்கரை, சர்க்கரைக்கு ஊசி, ஊசி போடுவதற்கு நான்!

"உங்களுக்கு ஊசி பிடிச்சுப் பழக்கம் இருக்காம்மா?" என்று கேட்டார் ஸ்டெல்லா சிஸ்டர். சேலத்துக்காரர். கறாரான குரல், சிரித்த முகம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "அவளுக்கா? பண்ணையில லட்சம் கோழிக்குத் தடுப்பூசி போட்டவளாக்கும்!"

அதுதான் வினையாகிவிட்டது. சிஸ்டர் ஊசியைக் கையில் கொடுத்ததும் என் கை பழைய வேலைக்குப் போய்விட்டது. இடது கையால் வீட்டுக்காரர் தலையை அக்குளுக்குள் இடுக்கி, கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"அம்மா, அவரு கோழி இல்லம்மா! வயித்துல போடணும்!"

"அட, கழுத்த உடு புள்ள," என்று அக்குளுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

பிறகு வயிற்றில் போடக் கற்றுக்கொண்டேன். தொப்புளை விட்டு விலகி, தினம் ஒரு இடமாக மாற்றி மாற்றி. கோழிக்குப் போடும்போது ஒரு நாளும் கை நடுங்கியதில்லை. இவருக்குப் போடும்போது மட்டும் முருங்கைக் கிளை மாதிரி ஆடியது. கோழி செத்தால் முதலாளி திட்டுவார், அவ்வளவுதான். இவர் போய்விட்டால் நான் யாரிடம் பேசுவேன்? நான் கூச்சப்படாமல் பேசும் ஒரே மனுஷர் அவர்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் வரிசையாகச் சொன்னார். "மாத்திரைய நீங்களா நிறுத்தவே கூடாது, டாக்டர்தான் கொஞ்சங் கொஞ்சமாக் குறைப்பாரு. ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிட்டே ஆகணும். திடீர்னு வேர்த்தா, கை நடுங்கினா, காரணமில்லாம கோவம் வந்தா, சம்பந்தமில்லாம பேசினா, சர்க்கரை இறங்குதுன்னு அர்த்தம். உடனே சர்க்கரை குடுங்க. நினைவு இருந்து முழுங்க முடிஞ்சா மட்டும் வாயில குடுங்க. இல்லன்னா இங்க தூக்கிட்டு வந்துடுங்க."

(காரணமில்லாத கோபத்துக்குச் சர்க்கரை கொடுப்பதென்றால், கல்யாணமான நாளிலிருந்தே நான் மூட்டை மூட்டையாக வாங்கியிருக்க வேண்டும்.)

மாத்திரை அவரை ஆளே மாற்றிவிட்டது. முகம் பௌர்ணமி நிலா மாதிரி உப்பியது. பசி, ஓயாத பசி. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அண்ணன் நல்லாத் தேறிட்டாருங்க, கன்னமெல்லாம் பாருங்க" என்று பூரித்துப் போனாள். அது தேறின கன்னமில்லை, மாத்திரை வீக்கம் என்று சொல்ல நினைத்தேன். வழக்கம்போலச் சிரித்து வைத்தேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். வெளியே வந்ததும் சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மாத்திரை குறையுது இல்லையா, இனி ஊசியும் குறையணும். தினம் காலையில விரல்ல குத்திச் சர்க்கரை பாத்துட்டு எனக்கு போன் பண்ணுங்க. எவ்வளவு போடணும்னு டாக்டரைக் கேட்டுச் சொல்றேன். பழைய அளவே போட்டுடாதீங்க."

போன்! விரலில் குத்தச் சொன்னால் குத்துவேன், மலையேறச் சொன்னாலும் ஏறுவேன், போன் பேசச் சொன்னால் எங்கே போவேன்? மறுநாள் காலையில் சிஸ்டர் பேரை அமுக்கினேன். ஒரு மணி அடித்ததும் பயந்து வைத்துவிட்டேன். அவர் திருப்பிக் கூப்பிட்டார். போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கியது. ஒரு நாளைக்குப் பழைய அளவே போட்டால் என்ன ஆகிவிடும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

அதற்கடுத்த நாள் நாத்தனார் சரசு மகள் நிவேதாவின் கல்யாணம். திருச்செங்கோட்டில் மண்டபம். இவர்தான் தாய்மாமன்.

கிளம்பும் அவசரத்தில், அன்றைக்கும் போன் பண்ணாமல், பழைய அளவையே வீட்டில் போட்டுவிட்டேன். "போனதும் மொதப் பந்தியில உக்காந்துக்கறேன்," என்றார். கூடவே ஒரு மிரட்டல். "ஊசி கீசின்னு அங்க யாருகிட்டயாச்சும் மூச்சு உட்டீன்னா உங்கப்பன் ஊட்டுக்கே அனுப்பிப்போடுவேன்." (என் அப்பா போய் எத்தனையோ காலமாகிறது. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் டவர் நிற்கிறது.)

மண்டபத்தில் கால் வைத்ததுமே சரசு ஓடி வந்தாள். "அண்ணா, வாங்க வாங்க, நேரா மேடைக்கு! தாலி ஏறுற வரைக்கும் மாமன் வாயில பச்சத்தண்ணி படக்கூடாதுன்னு மாப்ள ஊட்ல சொல்லிப்போட்டாங்க. அவிய ரொம்ப முறை பாக்கறவிய."

"அதுக்கென்ன சாமி, இருந்துட்டாப் போச்சு," என்றார் இவர். பெருமையில் மார்பு ஏற்கெனவே உப்பின முகத்தளவுக்கு உப்பியது. ஊசி போட்டு அரை மணி அப்போதே தாண்டியிருந்தது. "ஏனுங்க..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மேடையேறிவிட்டார்.

முகூர்த்தம் உடனே முடிந்திருந்தால் தப்பித்திருப்போம். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி நடந்து வந்ததில் வீடியோக்காரருக்குத் திருப்தி இல்லை. மறுபடியும் காரில் ஏறி இறங்கச் சொன்னார். அப்புறம் மேலே பறக்கிற கேமராவுக்காக இன்னொரு தடவை. மாப்பிள்ளை இறங்க இறங்க, இங்கே மேடையில் இவருக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அது தெரிந்தது.

முதலில் நெற்றி வேர்த்தது. ஃபேன் காற்றில் மற்றவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிறகு மாமன் பட்டம் கட்டும் நேரம் வந்தது. பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் என்ற பட்டையைக் கட்டுவது எங்கள் பக்கத்து முறை. இவர் கை ஆடிய ஆட்டத்தில் அது நிவேதாவின் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது. வழிந்த வேர்வையைப் பார்த்து, "மாமனுக்கு ஆனந்தக் கண்ணீரு!" என்றார் யாரோ. மண்டபம் கைதட்டியது.

பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "கொஞ்சம் சக்கரை கெடைக்குங்களா?" என்றேன்.

"காப்பியிலயே போட்டுத்தான் தருவாங்க அக்கா. தாலி ஏறட்டும்," என்றாள் அவள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்ததாகத் தாரை வார்க்க வேண்டும். எங்களில் கல்யாணத்தை நடத்தி வைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் செம்பில் தண்ணீரோடு இவரை ஏதோ கேட்டார். இவர் அவரையே வெறித்துப் பார்த்துவிட்டு மைக்கில் உறுமினார்.

"ரெண்டாவது கொட்டாய்க்குத் தீவனம் வெச்சாச்சா இல்லையாடா?"

மண்டபம் சிரித்தது. அருமைக்காரர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். இவர் விடவில்லை. "தண்ணியும் வெக்கல, தீவனமும் வெக்கல, எல்லாத்தையும் மேளம் அடிக்க உட்டுப்போட்டு என்றா பண்ற?"

சிரிப்பு நின்றது. எனக்குப் பின்வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் குசுகுசுத்தார்கள். "விடிஞ்சதுமே ஊத்திட்டு வந்துட்டாரு போலிருக்குது."

வாழ்நாளில் கள்ளைக்கூட மோந்து பார்க்காதவர் அவர். ஆனால் அந்தப் பேச்சில் எனக்கு மானம் போகவில்லை, உயிர்தான் போயிற்று. 'சம்பந்தமில்லாம பேசினா' என்று சிஸ்டர் சொன்னது காதுக்குள் மணியடித்தது. அவர் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தார். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் கொடுக்க முடியாது. திறந்திருந்த கதவு கண்ணெதிரே சாத்திக்கொண்டு வருவது போல இருந்தது.

எப்போது எழுந்தேன், எப்படி மேடையேறினேன், எனக்குத் தெரியாது. வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதில் ஒரு பச்சைப் புடவை இரண்டு நாற்காலியைத் தாண்டுகிறது. மேடையோரம் மாப்பிள்ளை வீட்டுச் சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் சர்க்கரையைக் கோபுரமாகக் குவித்து, கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன்.

"ஏம்மா, என்ன பண்ற?" என்று சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா, ஓடி வந்தார்.

"அவருக்குச் சக்கரைங்க..."

"சக்கரைக்காரருக்குப் போயி சக்கரையவே ஊட்டறியா? கொன்னுபோடுவே!" அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பண்ணையில் சேவல் சிலிர்த்துக்கொண்டு வந்தால் முழங்கையால் ஒதுக்குவோம். அப்படித்தான் ஒதுக்கினேன். அவர் போய் வெற்றிலைத் தட்டில் உட்கார்ந்தார்.

"அவரு குடிக்கலீங்க!" என்று கத்தினேன். மைக் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. கைகழுவுகிற இடத்தில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்களாம். "ஊசி போட்டுட்டு சாப்படாம உக்காந்துட்டாருங்க! சக்கரை எறங்கிப்போச்சுங்க!"

அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். நினைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. "ஏனுங்க, என்னையத் தெரியுதா? நா யாருங்க?"

அவர் கண்ணைச் சுருக்கி யோசித்தார். மைக் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"தடுப்பூசிக்காரி," என்றார்.

எனக்கு அது போதும். அருமைக்காரர் கையிலிருந்த செம்பைப் பிடுங்கி, சர்க்கரையை அள்ளிப் போட்டு, கையாலேயே கலக்கி, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தேன். கன்னிகாதானத்துக்கு வைத்த தண்ணீர் முழுக்க மாமன் வயிற்றுக்குள் போனது. மண்டபத்தில் மேளம்கூட இல்லை. அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

மெல்ல வேர்வை நின்றது. கண்ணில் ஆள் திரும்பி வந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"ஏன் புள்ள அழுவற? தாலி கட்டியாச்சா?"

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ என் போனைக் கையில் திணித்தார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் பேரை அமுக்கி அன்றைக்குப் பேசினேன், எல்லாவற்றையும் முழுதாக, வைக்காமல்.

"அரிசி டப்பாவுக்குள்ளயா?" என்று இரண்டு தடவை கேட்டார் சிஸ்டர். அப்புறம்தான் திட்டினார். "குடுத்த சர்க்கரை ரொம்ப நேரம் தாங்காதும்மா. இப்பவே ஏதாவது சாப்பிட வைங்க. கொஞ்ச நேரங் கழிச்சு விரல்ல குத்திப் பாருங்க. கல்யாணம் முடிஞ்சதும் நேரா இங்க கூட்டிட்டு வாங்க. விரதமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

அதனால் இவர் மேடையிலேயே, மடியில் வாழையிலையும் அதில் நாலு இட்லியுமாக உட்கார்ந்தார். செம்பில் வேறு தண்ணீர் வந்தது. தாரை வார்த்தார்கள். தாலி ஏறும்போது எல்லாரும் அட்சதை போட, இவர் ஒரு கையில் அட்சதையும் மறு கையில் சட்னி தொட்ட இட்லியுமாக நின்றார். எதைப் போட்டார் என்று இன்னும் தகராறு. மாப்பிள்ளை தோளில் ஒரு சட்னிக் கறை இருந்தது உண்மை.

ஊசியின் அளவு அன்றைக்கே குறைந்தது. பிறகு மாத்திரையும் ஊசியும் சேர்ந்தே போய்விட்டன. முகம் பழையபடி ஒடுங்கியது. "அண்ணன் என்ன இப்படி எளைச்சுட்டாரு?" என்று பக்கத்து வீட்டுக்காரிக்குக் கவலை.

எங்கள் குடும்பத்தில் அதற்கப்புறம் எந்தக் கல்யாணமானாலும், தாய்மாமன் மேடையேறியதும் முதலில் ஒரு தட்டில் இட்லி போகும். கேலிக்காக ஆரம்பித்தது, இப்போது யாரும் சிரிப்பதுகூட இல்லை. போன முகூர்த்தத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் கல்யாணம். அருமைக்காரரே மைக்கில், "மாமன் இட்லி கொண்டாங்க சாமி, நேரமாச்சு!" என்று கூப்பிட்டார். சம்பந்தி வீட்டுப் பெண்மணி ஒருத்தி என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"இது என்னங்க முறை? நாங்க கேள்விப்பட்டதே இல்லீங்களே."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். வழக்கம்போல வரவில்லை.

முன்வரிசையில் இருந்த அந்தப் பழைய சம்பந்தி, வெற்றிலைத் தட்டில் உட்கார்ந்தவர், திரும்பிப் பார்த்தார். என்னைக் கண்டதும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பதில் சொன்னார்.

"அது அவிய குலவழக்கமுங்க. குறுக்க மட்டும் போயிராதீங்க."