மாவு பிசையாதிருக்க ஒரு மாட்யூல்

இவ்வாண்டு புனித வாரத்தில் மாவு பிசைவதில்லை என்று வில்ஃப்ரிதோ ஒவேலார் உறுதி பூண்டார். ஈஸ்டருக்கு முந்திய புதனன்று வில்லாரிக்கா ஊரில் சீப்பா என்னும் பண்டிகை ரொட்டி சுடாத வீடு கிடையாது. கிழங்கு மாவையும் பாலாடைக்கட்டியையும் பன்றிக் கொழுப்பையும் சேர்த்துப் பிசைவது ஒவேலார் வீட்டில் கணவர் பணி. குறை சொல்வது மனைவி பணி. முப்பத்தோர் ஆண்டுகள் பிசைந்த களைப்பு அவரது இடுப்பில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது.

மனைவி நிமியாவின் சீப்பா வியாபாரத்துக்காக அவர் தாமே கற்று அமைத்த இணையதளம், பின்னறையில் ஒரு பழைய கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சர்வரில் மாட்யூல் என்னும் கூடுதல் நிரல் ஒன்றைச் சேர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, பத்து நிமிட வேலையை மாலைவரை இழுப்பது என்பதே திட்டம்.

காலை ஏழு மணிக்கு அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தார். சர்வரை நிறுத்தினார். மறுபடி கிளப்பினார். நிறுத்தியது நின்றதுதான், கிளப்பியது கிளம்பவில்லை. பாசாங்குக்காகச் சுமந்த கவலை மெய்யாகவே தலையில் ஏறிக்கொண்டது. பத்தரை மணிக்குள் அந்த வரியை முப்பது முறை படித்தார். எழுதியவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

நிமியா வாசலில் வந்து நின்றாள். பள்ளியில் ஸ்பானிய இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்றவள்.

"என்னங்க, ஆர்டர் ஒண்ணும் வரலையே?"

"சர்வர் எழுந்திரிக்கல."

"மூணு மணி நேரமாவா? ஓட்டல் சர்வரா இருந்தா இந்நேரம் சீட்டைக் கிழிச்சிருப்பாங்க."

"மாட்யூலைக் கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லுது. உனக்குப் புரியாது, டீச்சரம்மா."

"புரியாதுதான். ஆனா ஒண்ணு புரியுது. நெட்டுல கேட்க முடியாதவங்க எல்லாம் நேரா வந்து நிப்பாங்க. எத்தனை பேர்னு யாருக்குத் தெரியும்? இருபது கிலோ பத்தாது, நாப்பது வேணும்."

"யாரு பிசையறது?"

"ஒரு சர்வர் படுத்துட்டா இன்னொரு சர்வர் எழுந்துக்கணும். வாங்க."

வில்ஃப்ரிதோ சட்டையைக் கழற்றிவிட்டு மரத்தொட்டியின் முன் குனிந்தார். முதல் பத்துக் கிலோவில் இடுப்பு முனகியது. இரண்டாம் பத்தில் அழுதது. அதற்குப் பிறகு பேச்சுமூச்சு இல்லை.

வெயில் சாய்ந்தபோது நாற்பது கிலோவும் வெந்து, விற்று, தீர்ந்திருந்தது. வில்ஃப்ரிதோ நாற்காலியில் மெல்ல அமர்ந்தார்.

"மன்னிச்சுடு நிமியா. என்னால உன் நெட் ஆர்டரெல்லாம் போச்சு."

"போச்சா? எல்லாமே நெட்டுல வந்ததுதாங்க. சர்வர் பத்தேமுக்காலுக்கே எழுந்துடுச்சு."

"யாரு எழுப்பினா?"

"நான்தான். மாட்யூல் வைக்கிற ஃபோல்டருக்கு 'மொதுலோஸ்'னு வெறுமனே பேரு வச்சீங்க. அந்த வரியில மட்டும் 'மொ' எழுத்தோட தலைமேல, அழுத்திச் சொல்லணும்னு காட்டற சாய்வுக்கோடு போட்டிருந்தீங்க. இலக்கணப்படி சரிதான், ஆனா மெஷினுக்கு அது வேற பேரு. கோட்டை அழிச்சேன், ஓடுச்சு."

"நீ திட்டுவியேன்னுதான் கோடு போட்டேன்!"

"கல்யாணத்துக்கு முன்ன எழுதின கடுதாசி ஒண்ணுலயாச்சும் கோடு போட்டீங்களா? எனக்குப் போடாத கோட்டை மெஷினுக்குப் போட்டிருக்கீங்க."

"சரிம்மா, சரியானதும் என்கிட்ட ஏன் சொல்லல?"

"அழகா பிசைஞ்சிட்டு இருந்தீங்க. நடுவுல கூப்பிட்டா பதம் கெட்டுடும்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்குச் சென்று திரையைப் பார்த்தார். தளத்தின் முகப்பில், தொட்டிமேல் குனிந்திருந்த அவரது வெற்று முதுகின் படம் பெரிதாக விளங்கியது. அதன் கீழே நிமியா எழுதியிருந்தாள்: 'வீட்டுத் தலைவர் தம் கையாலேயே பிசைந்தது, வாடிக்கையாளர் வேண்டுகோளுக்கிணங்க நாளையும் பிசைவார்.'