கை வைத்தால் உடையும் நாற்காலி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று, உன் மேல் உள்ள கோபத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு வேண்டிக்கொள்கிறேன்.

பேத்தி நாற்காலி பழுதுபார்க்கும் கடை திறந்த அன்று, "இதெல்லாம் எத்தனை நாளைக்குக்கா?" என்று நீ கேட்டது என் காதிலேயே இருக்கிறது. அன்று உன் நீலச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, அதுவும் ஞாபகம் இருக்கிறது. இப்போது நீயே, "உங்க வெப் பக்கத்துல படம் மாறுதாமே, என் பெயின்ட் வேலைக்கும் அப்படிப் போடணும்" என்று ஆள் விட்டுக் கேட்கிறாய். சொல்கிறேன். எனக்குப் பெரிய மனசு.

ஒரே அளவில் இரண்டு படம் வேண்டும். அளவு மாறினால் கீழே உள்ள எழுத்தெல்லாம் குதிக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, மவுஸ் வந்தால் மேல்படம் மறையட்டும் என்று, ஹோவர் என்ற சொல்லைப் போட்டு ஒரு வரி எழுதினால் போதும். மவுஸ் நகர்ந்ததும் பழைய படம் தானே வந்துவிடும். பேத்தி முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தாள். மவுஸை வைத்த பிறகுதான் இரண்டாவது படம் கிளம்பும், அதுவரை வெறும் வெள்ளைக் கட்டம். உன் கல்யாணத்துக்கு என்னை அழைத்துவர நீ அனுப்பிய வண்டி மாதிரி.

உடைந்த நாற்காலி மேலே, சரிசெய்தது அடியில் என்றாள் பேத்தி. "ஏண்டி, வர்றவங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே கால் ஒடிஞ்சதையா காட்டுவே? நல்லதை மேலே வை" என்றேன். "பாட்டி, அப்புறம் அது..." என்று இழுத்தாள். "வைடின்னா வை!" வைத்தாள். மாணவர் விடுதி மேலாளர் அன்றைக்குத்தானா பார்க்க வேண்டும்? அவர் விடுதி நாற்காலிகளைப் பழுதுபார்க்கும் வேலை கிடைக்காவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று இவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. "என்னம்மா, நாற்காலி நல்லாத்தான் நிக்குது, நான் மவுஸை வச்சதும் கால் கழண்டு விழுது! நீங்க ரிப்பேர் பண்றவங்களா, உடைக்கிறவங்களா?" பேத்திக்கு முகம் செத்துப்போயிற்று. போனை நான் பிடுங்கினேன். "ஏன் ஐயா, உங்க விடுதியில பசங்க உக்காந்தா மட்டும் என்ன ஆகுதாம்?" அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "தினமும் இதேதாம்மா ஆகுது." "அப்ப அனுப்பி வைங்க. திரும்பி வந்ததும் மேலே ஏறி நின்னு பாருங்க." லாரி வந்துவிட்டது தம்பி! கடைக்குள் நடக்க வழியில்லை. பேத்தி பசை டப்பாவும் கையுமாகப் பாடிக்கொண்டே வேலை செய்கிறாள். படங்களையும் இடம் மாற்றிவிட்டாள். நான் கண்டுகொள்ளவில்லை. நீயும் அழுக்குச் சுவரை மேலே வை, பெயின்ட் அடித்ததை அடியில் வை. காரணம் கேட்காதே.

பிள்ளைகளுக்கு என் முழு ஆசி. உன் பெண்டாட்டிக்குப் பாதி. மீதி, அவள் வாங்கிப்போன என் குடை திரும்பி வந்த பிறகு.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பேத்தி சொல்கிறாள், செல்போனில் பார்க்கிறவர்களுக்கு மவுஸே கிடையாதாம். மேல்படம் அசையாமல் நிற்குமாம். உன் வாடிக்கைக்காரர்கள் அழுக்குச் சுவரை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. விரல் பட்டாலும் மாறுகிற மாதிரி அவள் எழுதித் தருவாள், நேரில் வா. பெயின்டும் பிரஷ்ஷும் கொண்டு வா. மூடப்போகிற கடைக்கு எதற்கென்று சுவரை அப்படியே விட்டு வைத்திருந்தோம்.