சீமை உரமும் சகினாவின் எட்டுக் கோழிகளும்

கோழிகளை விரட்டியே தீருவது என்று 1934-ஆம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை தீர்மானித்தேன். அவை எட்டு. நான் ஒருவன்.

“எங்க விரட்டப் போறீங்க?” என்றாள் என் மனைவி சகினா, மீன் கழுவிக்கொண்டே.

“சிந்தாதிரிப்பேட்டைச் சந்தைக்கு. கிளறிக் கிளறி என் புடலை வேரே நிக்கல.”

“கிளறினாத்தாங்க மண்ணு மூச்சு விடும்.”

“மண்ணு என்ன உன் அண்ணனா, மூச்சு வாங்க? மவுண்ட் ரோட்ல சீமை உரம் விக்கிறான். ஒரு டப்பா போதும்.”

பந்தயமாயிற்று. மயிலாப்பூர் வீட்டுக் கொல்லையை மூங்கில் தட்டியால் பிரித்தோம். இந்தப் பக்கம் நானும் டப்பாவும். அந்தப் பக்கம் சகினாவும் கோழிகளும். பக்கத்துக்கு ஒரு புடலைக் கொடி. என் காய் அவளுடையதைவிட நீளமாக இருந்தால் கோழிகள் வெளியே.

“ஜெயிச்சவங்கதான் கொல்லை முழுசும் பார்த்துக்கணும். எழுதிக் குடுங்க,” என்றாள். கையெழுத்தே போட்டேன்.

டப்பாவில் ஒரு கரண்டி என்றிருந்தது. நான் நாலு போட்டேன். நாலாம் நாள் இலையெல்லாம் கருகியது. மண்ணில் ஒரு புழுகூட இல்லை.

மூன்றாம் வாரம் ஓர் அதிசயம். கொடி துளிர்த்தது. வியப்போடு மண்ணைத் தோண்டினேன். மண்புழுக்கள்! எங்கிருந்து வந்தன? கூடவே ஒரு வெள்ளை இறகு, காற்று கொண்டுவந்திருக்கும். நாலு மீன் செதில், காக்கை போட்டிருக்கும்.

காய் முற்றியதும் பக்கத்து வீட்டு அமீனா பீ நாடா பிடித்தாள். சகினாவுடையது நாலடி. என்னுடையது ஐந்து!

“பாய் ஜெயிச்சுட்டாரு!”

கோழிக்கூடையைத் தூக்கினேன். சகினா தடுக்கவில்லை.

“தாராளமா கொண்டு போங்க. நாளையிலேருந்து உங்க கொடியை யாரு பார்ப்பா?”

“யாரு பார்த்தா இதுவரைக்கும்?”

“நீங்க ட்ராம் ஏறினதும் தட்டியத் திறந்து விடுவேன். மீன் கழுவின தண்ணிய ஊத்துவேன். செதிலுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குக் கோழி வரும். அது எச்சம் போட்டா மண்புழு தானா வரும். அந்தக் காய்ல பாதி நீங்க தின்ன வஞ்சிரங்க.”

கொடியைப் பார்த்தேன். நான் தின்று மறந்த மீன் வெள்ளைப் பூவாக ஆடிக்கொண்டிருந்தது. கூடையைக் கீழே வைத்தேன்.

“சரி, இருக்கட்டும் கோழி. ஆனா என்னை எதுக்கு ஜெயிக்க வெச்சே?”

சகினா முந்தானையிலிருந்து நான் கையெழுத்திட்ட காகிதத்தை எடுத்தாள்.

இப்போது கூண்டு திறப்பதும், எச்சம் அள்ளுவதும், மீன் தண்ணீர் சுமப்பதும் ஜெயித்தவன் வேலை. தோற்றவள் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள்.