படுத்திருந்தவளுக்குப் பொன்னாடை

மேடையில் புரியாத ஒன்று நடந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் புத்திசாலித்தனம். எழுபதுகளின் கடைசியில் அது என்னிடம் துளியும் கிடையாது.

அப்போது நான் டெல்லியில் மத்திய அரசு குமாஸ்தா. லோதி ரோடு பக்கம் தமிழர்கள் நடத்திய ஒரு சின்ன சபாவில் பொன்னாடைப் பொறுப்பும் என்னுடையது. மங்களம் பாடியதும் சிறப்பு விருந்தினரை மேடையேற்றிவிட வேண்டும். தாமதித்தால் கூட்டம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடும்.

அன்று ஆடியவள் மைதிலி, நான் கட்டிக்கொள்ளத் துடித்த பெண். (ஜாதகம் பொருந்தி, அவள் அப்பாவும் தலையாட்டிவிட்டார்.) அவள் மட்டும், "முதல்ல என் டான்ஸை வந்து பார்க்கட்டும். அப்புறம் சொல்றேன்" என்று நிறுத்தி வைத்திருந்தாள்.

நவீன நடனமாம். சலங்கை இல்லை, பாட்டு இல்லை. பழைய புடவையில் இருபது நிமிடம் மேடையைப் பெருக்கினாள். பிறகு நீட்டிப் படுத்துவிட்டாள். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று, அசைவே இல்லை. பின்வரிசையில் நாற்காலிகள் நகரத் தொடங்கின. மங்களம் இல்லாத நடனம் இப்படித்தான் முடியும்போல என்று நினைத்துவிட்டேன்.

"சார், ஜல்தி!" என்று சிறப்பு விருந்தினரை (என் இலாகாவின் பெரிய அதிகாரி!) மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். படுத்திருப்பவளுக்கு எப்படிப் போர்த்துவது? அவர் பாதம் முதல் கழுத்து வரை போர்த்திவிட்டார். நான் ரோஜா மாலையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டேன்.

முன்வரிசையில் ஒரு மாமி, "அய்யோ, மைதிலி!" என்று அழ ஆரம்பித்தார். அப்போதுதான் செய்திருக்கும் காரியம் எனக்கு உறைத்தது. உதடு அசையாமல் மைதிலி பல்லைக் கடித்தாள்.

"இன்னும் முடியலை!"

பாதிக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மீதிக் கூட்டம் அபசகுனம் என்று திட்டியது. மறுவாரம் ஓர் ஆங்கில விமர்சகர், பெண்ணை உயிரோடு புதைக்கும் சமூகத்தை அந்தப் பொன்னாடை காட்டிவிட்டது என்று உருகியிருந்தார். இன்னொருவர், இது நடனமே இல்லை, ஆடியவளையும் போர்த்தியவரையும் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று எழுதினார்.

இரண்டு பத்திரிகைகளோடும் மைதிலி என் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். கல்யாணம் போச்சு என்று எழுந்து நின்றேன். அழுகையே வந்துவிட்டது.

"மூணு மாசம் ஒத்திகை பார்த்தது நான். பாராட்டு உங்க துணிக்கு! அடுத்த ஷோ நடத்தறவங்களுக்கும் அது கட்டாயம் வேணுமாம். அச்சா, சண்டே ஃப்ரீயா?"

நான்கு மேடைகளில் அவளைப் போர்த்தினேன். ஐந்தாவது மேடையில் தாலி கட்டினேன்.

இன்றும் வீட்டில் சண்டை வந்து, அவள் கொஞ்சம் மௌனமானதும், ஓய்ந்துவிட்டாள் என்று நம்பிக் காபியோடு போய் நிற்பேன். அவள் வாய் திறப்பதற்குள் அடுத்த அறையிலிருந்து எங்கள் மாப்பிள்ளையே குரல் கொடுப்பார்:

"மாமா, இன்னும் முடியலை!"